பி.டி.எஃப். மேல் வரைந்தால் அசல் அழியுமா?

கொல்லிமலை அரியூர் நாட்டு விவசாயி ஒருவர் தன் பட்டா நகலை ஆன்லைன் கருவியில் திறந்து, புல எண் மேல் மஞ்சள் பூசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுத்து ஏன் மறைவதில்லை?

பூச்சு பொதுவாகப் பக்கத்தோடு கலப்பதில்லை. நிறம், இடம், வடிவம் கொண்ட தனிக் குறிப்பாகக் கோப்பில் சேர்கிறது. இடத்தை அளக்கும் அலகு அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு. அந்த அலகில் ஏ4 தாள் சுமார் 595-க்கு 842. திரையில் காட்டும்போது பூச்சின் நிறமும் பக்கத்தின் நிறமும் பெருக்கப்படுகின்றன: வெள்ளை மஞ்சளாகும், கறுப்பு கறுப்பாகவே நிற்கும். குறிப்பை நீக்கினால் பழைய பக்கம் அப்படியே இருக்கும்.

இதிலேயே ஆபத்தும் உண்டு. ஆதார் எண் மேல் கறுப்புப் பெட்டி வரைந்தால் கண்ணுக்குத்தான் மறையும். அடியிலுள்ள எழுத்தை நகலெடுத்துவிடலாம். எழுத்தையே அகற்றும் வசதியைப் பயன்படுத்துங்கள்.