துணைச்செயலிகளும் திறன்பேசியின் இயக்கமும்

நெற்களஞ்சியம் சிறிதாக உள்ள ஒரு வீட்டில், நெல் வீணாகாமற் காப்பதற்கென ஒரு காவலனை அமர்த்தினால், அக்காவலனுக்கும் அக்களஞ்சியத்திலிருந்தே படியளத்தல் வேண்டும். அவன் காத்துத்தரும் நெல் அவன் உண்ணும் நெல்லினும் மிகுதியாயின் அவனை அமர்த்தியது அறிவுடைமை. குறைவாயின் அது பேதைமை. திறன்பேசியிற் சேர்க்கப்படும் துணைச்செயலிகளுக்கும் இதுவே பொருந்தும். விரைவைக் கூட்டுவது, நினைவகத்தைத் துப்புரவாக்குவது, மின்கலத்தைக் காப்பது என்றெல்லாம் பெயர்பெற்று வரும் இவை யாவும், தாம் காக்க வந்த வளத்தையே தாமும் உண்டு வாழ்வன. இதனை மறந்து, துணைச்செயலிகள் பெருகுந்தோறும் கருவியின் இயக்கமும் சிறக்கும் எனக் கருதுவோர் பலர். அக்கருத்து எத்துணைப் பொருத்தமானது என்பது ஆராயத்தக்கது.

திறன்பேசியை விற்கும் நிறுவனம் அதன் பணிசெயல் முறைமையின் மேற்பகுதிகளை மட்டுமே பயனருக்குத் திறந்துவிடுகின்றது, அடித்தளத்தைப் பூட்டிவைக்கின்றது. அப்பூட்டைத் திறந்து 'ரூட்' எனப்படும் மூல உரிமையைப் பெற்ற கருவியும், நிறுவனம் தந்த முறைமையை நீக்கி வேறொன்றை நிறுவிய கருவியும் மாற்றியமைத்த திறன்பேசி எனப்படும். சாதாரண கருவியில் ஒரு துணைச்செயலி தனக்கு அளிக்கப்பட்ட எல்லைக்குள் நின்றே பணிபுரிய இயலும். மாற்றியமைத்த கருவியிலோ அது முறைமையின் உள்ளறைவரை செல்லவல்லது. ஆதலின் அதன் நன்மையும் பெரிது; தீமையும் பெரிது.

இதனை விளக்குவதற்கு அன்ட்ரொயிட் முறைமையோடு சந்தைக்கு வந்த முதற் கருவியே தக்க சான்றாகும். எச்.ரி.சி. நிறுவனம் ஆக்கிய 'ட்ரீம்' என்னும் அக்கருவி, 2008ஆம் ஆண்டு ஒக்ரோபர் 22ஆம் நாள் ஐக்கிய அமெரிக்காவில் 'ரி-மொபைல் ஜீ1' என்னும் பெயரோடு விற்பனைக்கு வந்தது. சில கிழமைகளுள் அதன் மென்பொருளில் விந்தையான வழுவொன்று வெளிப்பட்டது. விசைப்பலகையில் எழுதப்பட்ட சொற்கள், எழுதியவர் அறியாமலே, மூல உரிமையுடைய கட்டளைவாயில் ஒன்றுக்கும் சென்றுகொண்டிருந்தன. கருவியை மீள இயக்குதற்குரிய கட்டளைச்சொல்லை ஒருவர் தம் நண்பருக்கு எழுதும் செய்தியில் தனிவரியாக எழுதினாலும், கருவி உடனே அணைந்து மீளத் தொடங்கிற்று. 2008 நவம்பரிலேயே இவ்வழு திருத்தப்பட்டது. ஆயினும் அதற்குள் மூல உரிமை பெறும் வழியைப் பயனர் கண்டுகொண்டனர்.

இவ்வாறு திறந்த வாயிலினூடே மாற்று முறைமைகள் பல தோன்றின. அவற்றுள் ஸ்டீவ் கொண்டிக் என்பார் 2009இல் அளிக்கத் தொடங்கிய 'சயனொஜென்மொட்' பெரும் புகழ் எய்தியது. ஜீ1 கருவிக்கு முறைப்படி வழங்கப்பட்ட இறுதிப் பதிப்பு அன்ட்ரொயிட் 1.6 ஆகும். 2010இல் வெளிவந்த சயனொஜென்மொட் 6 அன்ட்ரொயிட் 2.2ஐ அக்கருவிக்கும் கொணர்ந்தது. உரியவர்கள் கைவிட்ட கருவி மீண்டும் உயிர்பெற்றது. ஆனால் உயிர் புதிதாயினும் உடல் பழையதே. அதன் நினைவகம் 192 மெகாபைற்று. அதிலும் வானொலித் தொடர்புப் பகுதியும் படக்காட்சிப் பகுதியும் தமக்குரியதை ஒதுக்கிக்கொண்டபின் எஞ்சியது ஏறக்குறைய நூறு மெகாபைற்றே. இந்நெருக்கடியைத் தீர்க்கவே பயனர் துணைச்செயலிகளை நாடினர்.

திறன்பேசியின் இயக்கம் நான்கு வளங்களால் அமைவது. நினைவகம், முறைவழியாக்கியின் நேரம், சேமிப்பகத்தின் வேகம், மின்கலத்தின் ஆற்றல் என்பன அவை. துணைச்செயலி எதுவும் இவற்றுள் ஒன்றைப் புதிதாகப் படைப்பதில்லை. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்குகின்றது. எதைக் கொடுத்து எதை வாங்குகின்றது என்று அறிவதே இவ்வாராய்ச்சியின் திறவுகோல்.

முதற்கண், செயலிகளைக் கொன்று நினைவகத்தை வெறுமையாக்கும் துணைச்செயலிகளை நோக்குதல் தகும். நினைவகம் வெறுமையாயிருத்தலே நன்று என்னும் எண்ணமே இவற்றின் அடிப்படை. அன்ட்ரொயிட் முறைமையோ இதற்கு மாறான கொள்கையில் அமைந்தது. பயனர் ஒரு செயலியை விட்டு நீங்கியதும் அது உடனே அழிக்கப்படுவதில்லை. மீண்டும் அழைக்கப்படும்போது விரைந்து தோன்றுதற்பொருட்டு நினைவகத்தில் உறங்கவிடப்படுகின்றது. இடம் குறையுமிடத்து, முறைமையிலுள்ள ஒரு பொறிமுறை, பயனர் கண்முன் நிற்பதை இறுதிவரை காத்து, முக்கியத்துவம் குன்றியவற்றை முதலில் அகற்றுகின்றது. உறங்கும் செயலி நினைவகத்தில் இடம் கொள்ளினும் முறைவழியாக்கியின் நேரத்தை உண்பதில்லை. அதனைக் கொன்றுவிட்டால், அடுத்தமுறை சேமிப்பகத்திலிருந்து முழுவதையும் மீளப் படித்துத் தொடங்கவேண்டியதாகும். பின்னணிச் சேவை உடையனவாயின், கொல்லப்பட்ட சிறிது நேரத்தில் முறைமையே அவற்றை மீள எழுப்பும். துணைச்செயலி மீளக் கொல்லும். இப்போராட்டத்தில் நேரமும் மின்னாற்றலும் அழிவதே பயன். இவ்வளவுக்கும் கொல்லும் செயலி தானும் ஓயாது நினைவகத்தில் விழித்திருக்கின்றது. உறங்குவோரை எழுப்பி எழுப்பித் துரத்தும் காவலனால் வீட்டிற்கு அமைதி விளையாது. 2010இல் வந்த அன்ட்ரொயிட் 2.2, ஒரு செயலி பிறிதொன்றைக் கொல்லும் உரிமையைப் பெரிதும் சுருக்கிற்று. மூல உரிமை பெற்ற கருவியிலோ இத்தடை தாண்டப்படக்கூடியது. ஆகவே தீங்கும் அங்கேதான் நீடித்தது.

இதே நோக்கத்தை வேறு வகையால் நிறைவேற்றும் துணைச்செயலிகளும் உள. முறைமை எந்நிலையில் எவ்வகைச் செயலியை அகற்றவேண்டும் என்பதை லினக்ஸ் கருவிலுள்ள ஆறு எல்லை எண்கள் வரையறுத்தன. மூல உரிமை உடையவர் அவ்வெண்களைத் தம் தேவைக்கேற்ப மாற்ற முடிந்தது. இவ்வகைத் துணைச்செயலி கருவி தொடங்கும்போது ஒருமுறை எழுந்து, எண்களை எழுதிவிட்டு ஓய்ந்துவிடும். ஓயாது உழைப்பது எல்லாம் நன்மை செய்வதும் அன்று. ஓய்ந்திருப்பது எல்லாம் பயனற்றதும் அன்று என்பது இவ்விரண்டையும் ஒப்புநோக்குவார்க்குப் புலனாகும்.

அடுத்து, நினைவகத்தைச் சுருக்கிச் சேமிக்கும் முறை குறிப்பிடத்தக்கது. 'கொம்ப்காஷ்' என்னும் பெயரால் மாற்று முறைமைகளில் இடம்பெற்ற இம்முறை, அடிக்கடி தேவைப்படாத தரவுகளைச் சுருக்கி நினைவகத்தின் ஒரு பகுதியிலேயே வைத்தது. தேவைப்படுங்கால் அவற்றை விரித்துத் தந்தது. இங்கு வாங்கப்படுவது நினைவகம். கொடுக்கப்படுவது முறைவழியாக்கியின் நேரம். நினைவகம் மிகக் குறைந்த கருவிக்கு இது நல்ல வாணிகம். நினைவகம் தாராளமாக உள்ள கருவிக்கோ வீண்செலவு. இம்முறையின் வழிவந்த 'இசட்ராம்' 2013இல் வெளிவந்த அன்ட்ரொயிட் 4.4இன் ஆதரவைப் பெற்றது. 2014இல் லினக்ஸ் கருவின் 3.14ஆம் பதிப்பில் முழுமையாக ஏற்கப்பட்டது. தன்னார்வலர் சேர்த்த துணையொன்று தகுதியால் உயர்ந்து முறைமையின் உறுப்பாகியது.

நினைவகத்தில் இடமில்லாதவற்றை நினைவட்டைக்கு மாற்றியெழுதும் முறையும் அந்நாளிற் பரவலாயிருந்தது. அட்டையின் வேகம் நினைவகத்தின் வேகத்திற்குப் பலபடி தாழ்ந்தது. ஆகவே கருவி நின்றுபோகாமல் இயங்கினும், இடையிடையே தயங்கித் தயங்கி இயங்கும். அன்றியும், பிளாஷ் வகை நினைவட்டை குறித்த எண்ணிக்கையளவே மீளமீள எழுதப்படக்கூடியது. ஓயாத மாற்றெழுத்து அதன் ஆயுளைக் குறைக்கும். செயலிகளை மட்டும் அட்டையில் நிறுவும் முறை இத்துணைத் தீங்கில்லாதது. அங்கு எழுதுதல் சில வேளைகளிலும் படித்தல் பல வேளைகளிலும் நிகழ்வதே அதற்குக் காரணம்.

முறைவழியாக்கியின் வேகத்தை மாற்றும் துணைச்செயலிகள் மூன்றாம் வகையின. ஜீ1 கருவியின் முறைவழியாக்கி 528 மெகாஹேர்ட்ஸ் வேகத்திற்கு உரியதாயினும், மின்கலத்தைக் கருதி 384 மெகாஹேர்ட்ஸ் அளவில் மட்டுப்படுத்தப்பட்டிருந்தது. மாற்று முறைமைகள் அத்தடையை நீக்கின. ஆக்கியோர் வகுத்த எல்லைக்குள் நிகழும் இம்மாற்றம் பெரிதும் பயனளித்தது. அவ்வெல்லையையும் கடந்து வேகத்தை உயர்த்துவதோ வேறு. முறைவழியாக்கி செலவிடும் மின்வலு வேகத்திற்கு நேர்விகிதமாகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதமாகவும் உயர்வது. வேகத்தை உயர்த்த அழுத்தத்தையும் உயர்த்தவேண்டி நேர்வதால், சிறு வேகத்திற்குப் பெருவிலை கொடுக்கப்படுகின்றது. வெப்பம் மிகுந்தால் பல கருவிகள் தற்காப்பிற்காகத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். முடிவில் மிஞ்சுவது சூடான கருவியும் குறைந்த மின்கலமுமே.

துணைச்செயலி யாது செய்கின்றது என்பதோடு, அது எங்கே பிணைக்கப்படுகின்றது என்பதும் கருதத்தக்கது. விளம்பரங்களைத் தடுக்கும் பொருட்டு, அவை வரும் முகவரிகளை முறைமையின் முகவரிக்கோப்பில் எழுதிவைக்கும் முறை ஒன்றுண்டு. கோப்பு அளவிறந்து பெருகாதவரை அது இயங்குதற்கென நினைவகம் அதிகம் வேண்டுவதில்லை. மாறாக, பதிவிறக்கத்தைக் குறைத்து நேரத்தையும் மின்கலத்தையும் மீதப்படுத்துகின்றது. 2012இல் தோன்றிய 'எக்ஸ்போஸ்ட்' இதற்கு நேர்மாறான இடத்தைப் பற்றியது. அன்ட்ரொயிட் செயலிகள் யாவும் 'சைகோட்' என்னும் ஒரே தாயிலிருந்து கிளைப்பன. அத்தாயிலேயே எக்ஸ்போஸ்ட் தன்னைப் பிணைத்துக்கொண்டமையால், அதன்வழிச் சேர்க்கப்படும் ஒவ்வோர் உறுப்பும் எல்லாச் செயலிகளையும் தொடும் வாய்ப்புப் பெற்றது. ஊற்றில் இட்டது ஆறெங்கும் கலப்பதுபோல, அங்கு நேரும் சிறு வழுவும் கருவி முழுவதையும் முடக்கக்கூடியதாயிற்று.

இயக்கத்தின் வேகத்தினும் மேலான பொருளொன்று பாதுகாப்பு. மூல உரிமை அளிக்கப்பட்ட துணைச்செயலி பயனரின் மடல்களையும் படங்களையும் கடவுச்சொற்களையும் அணுகவல்லது. வங்கிச் செயலிகள் பல, மூல உரிமை திறக்கப்பட்ட கருவியில் இயங்க மறுப்பதற்கு இதுவே காரணம். சிறிது விரைவுக்காக வீட்டுத் திறவுகோலை அறிமுகமில்லாதவன் கையிற் கொடுப்பது விவேகமாகாது. மூலநிரல் வெளியிடப்பட்டு, பலராலும் ஆராயப்பட்ட துணைச்செயலிகளையே தெரிந்துகொள்ளல் வேண்டும்.

இனி, துணைச்செயலியின் பயனை மதிப்பிடும் முறை யாது? முதலில் கருவியிலுள்ள தரவுகளுக்குப் படியெடுத்து வைத்தல் வேண்டும். துணைச்செயலி எதுவும் இல்லாத நிலையில், கருவி தொடங்க எடுக்கும் நேரத்தையும், நாடோறும் பயன்படும் செயலிகள் திறக்கும் நேரத்தையும், மின்கலம் நீடிக்கும் நேரத்தையும் சில நாட்கள் குறித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் ஒரே ஒரு துணைச்செயலியைச் சேர்த்து, அவற்றையே மீளக் குறித்தல் வேண்டும். பலவற்றை ஒருங்கே சேர்ப்பின் நன்மை செய்தது எது, தீமை செய்தது எது என்று பிரித்தறிய இயலாது. சோதனைச் செயலிகள் தரும் மொத்த மதிப்பெண்ணை மட்டும் நம்புதலும் தகாது. ஒரு துறையில் எழுந்த பெருமதிப்பெண் மற்றொரு துறையின் வீழ்ச்சியை மறைத்துவிடும்.

சயனொஜென்மொட் 2016 டிசெம்பரில் நிறைவுற்றது. அதன் பணியை 'லினியேஜ் ஓ.எஸ்.' தொடர்ந்தது. உரிய நிறுவனங்கள் கைவிட்ட கருவிகள் பலவற்றை இம்முறைமைகள் மேலும் சில ஆண்டுகள் பயன்படச் செய்துள்ளன. புதிய கருவி வாங்க இயலாத மாணவனுக்கு இது சிறிய உதவியன்று. ஆனால் இவ்வாறு நீட்டிக்கப்பட்ட ஆயுளை, ஆராயாது சேர்க்கும் துணைச்செயலிகளே மீளக் குறைத்துவிடக்கூடும். பழைய கருவிக்கு உற்ற துணை பெரும்பாலும் புதிதாகச் சேர்ப்பதன்று, வேண்டாததை நீக்குவதே. சேர்த்தே ஆகவேண்டுமெனின், வருகின்ற காவலன் எவ்வளவு காப்பான் என்பதோடு எவ்வளவு உண்பான் என்பதையும் கேட்டறிந்தபின் கதவு திறத்தல் நன்று.