கரண்ட் வந்தும் பில் வரவில்லை

நுரைச்சோலையில் கரண்ட் போனால் வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பு. 900 மெகாவாட் லக்விஜய அனல் மின் நிலையத்தை ஊரிலேயே வைத்துக்கொண்டு நாங்களும் மெழுகுவர்த்திதான் தேடுவோம். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் பாய்ந்த குரங்கே காரணம் என்றார் அமைச்சர். இரவுக்குள் வீடுகளுக்குக் கரண்ட் திரும்பிவிட்டது. எங்கள் மின் நிலையம் திரும்பவில்லை. 10ஆம், 11ஆம் திகதிகளில் மின்வெட்டு.

கரி இருக்கிறது, கடல் இருக்கிறது, பிறகென்ன தாமதம் என்று ஊரில் கேட்டார்கள். அனல் மின் நிலையம் எழும்பவே வெளியிலிருந்து கரண்ட் வேண்டும். கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு, கரியை மாவாக அரைக்கும் ஆலை, காற்றூதும் விசிறி, குளிரூட்டக் கடல்நீர் இழுக்கும் பம்பு எல்லாமே மின்சாரத்தில் ஓடுபவை. நீர்மின் நிலையத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. மதகைத் திறக்க பேட்டரியும் சிறிய டீசல் ஜெனரேட்டரும் போதும். ஆகவே மலைநாட்டு நீர்மின் நிலையங்கள் முதலில், அப்புறம் கம்பி வழி, அதற்குப் பிறகுதான் நாங்கள். அதிலும் டர்பைனை மெதுவாகத்தான் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் உலோகம் சீராக விரியாமல் பழுதாகும்.

எது முதலில் எழும்புவது என்ற இதே சிக்கல் கடைகளிலும் உண்டு. நான் இந்தப் பக்கத்துக் கடைகளின் கம்பியூட்டர்களைப் பார்ப்பவன். வெங்காய மொத்தக் கடையொன்றில் மேசைக்கடியில் ஒரு லினக்ஸ் சேவர் இருக்கிறது. கரண்ட் வந்ததும் முதலாளி போன் எடுப்பார்.

“தம்பி, பச்சை லைட் எரியுது. பில் மட்டும் வருதில்ல.”

“சேவர ஓஃப் பண்ணிப் போடுங்க நானா.”

சரியாகிவிடும். மந்திரமெல்லாம் இல்லை. கரண்ட் வந்த நொடியில் சேவரும் ரவுட்டரும் ஒன்றாக எழும்புகின்றன. சேவருக்கு அரை நிமிடம் போதும், ரவுட்டருக்கு இரண்டு மூன்று நிமிடம். சேவர் தன் முகவரியை ரவுட்டரிடம்தான் வாங்குகிறது. பில் மென்பொருள் அந்த முகவரியைத் தேடும், கிடைக்காது, பிழை காட்டிவிட்டு நின்றுவிடும். சேவரை மட்டும் அணைத்துப் போடும்போது ரவுட்டர் ஏற்கெனவே விழித்திருக்கிறது.

லினக்ஸில் எது எப்போது எழும்ப வேண்டும் என்று பார்ப்பது சிஸ்டம்டி. 2010இல் வந்தது. இயன்றதையெல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கும். எது எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று நாம்தான் எழுதிவைக்க வேண்டும். அதில் ‘நெட்வொர்க்.டார்கெட்’ என்று ஒன்று உண்டு. பெயரை நம்பிப் பலரும் அதையே ‘ஆஃப்டர்’ வரியில் போட்டுவிடுகிறார்கள். நெட்வொர்க்கைக் கவனிக்கும் மென்பொருள் தொடங்கிவிட்டது என்பதற்குமேல் அது எதற்கும் உத்தரவாதம் தராது. முகவரி கைக்கு வந்த பிறகே தொடங்க வேண்டுமானால் ‘நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்’ வேண்டும். அதை ‘வாண்ட்ஸ்’ வரியிலும் எழுத வேண்டும், ஏனென்றால் ‘ஆஃப்டர்’ வரிசையை மட்டுமே சொல்லும், ஆளைக் கூட்டிவராது.

அந்தக் காத்திருப்புக்கும் எல்லை உண்டு. சிஸ்டம்டியின் சொந்த நெட்வொர்க் சேவை வழக்கமாக 2 நிமிடம்தான் பொறுக்கும். எங்கள் ரவுட்டருக்கு அது போதாத நாளும் உண்டு. ஆகவே பில் மென்பொருள் விழுந்தால் 10 விநாடிக்கொரு முறை திரும்ப எழும்பச் சொல்லும் ‘ரீஸ்டார்ட்’ வரிகளையும் சேர்த்தேன். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். பில் மென்பொருளை எழுதியவர்களே செய்திருக்க வேண்டிய வேலை.

இப்போது கரண்ட் வந்து சில நிமிடத்தில் பில் தானாக வருகிறது. நானாவுக்குத்தான் அதுவரை பொறுமையில்லை. சேவரோடு ரவுட்டரையும் சேர்த்து அணைத்துப் போடுகிறார்.