இரைப்பையில் ஒரு பலூன்



பருத்த உடலினர் ஒருவரைக் கண்டதும், "வாயைக் கட்டுங்கள், உடம்பு தானே இளைக்கும்" என்று அறிவுரை கூறுவது நம்மிடையே பெருவழக்கு. கூறுபவர் நல்லெண்ணத்துடனேயே கூறுகின்றார். கேட்பவரோ அதனை நூறு முறை கேட்டவராயும், பலமுறை கைக்கொண்டு பார்த்தவராயும் இருக்கின்றார். சில மாதங்கள் அரும்பாடுபட்டு நிறையைக் குறைப்பதும், குறைத்தது ஓரிரண்டு ஆண்டுகளுள் மீள வந்து சேர்வதுமாக அவர் காலம் கழிகின்றது. இத்தகையோர்க்குச் சத்திரசிகிச்சை ஒரு வழி. மருந்து மற்றொரு வழி. இவ்விரண்டிற்கும் இடையில், உடலைக் கத்தியாற் கீறாது, வாய்வழியே இரைப்பையை அணுகிச் செய்யப்படும் முறைகள் சில உள. அவற்றுள்ளும் சிறப்பாக இரைப்பைப் பலூனைப் பற்றி இன்று பேச எண்ணுகின்றேன். வைத்தியத் துறை எனதன்று. ஆசிரியத் தொழிலே எனது. ஆதலின் சிகிச்சை கூறுவது என் நோக்கமன்று. ஒருவர் தம் வைத்தியர் முன் அமரும்போது எவற்றைக் கேட்டறிதல் வேண்டும் என்பதை விளக்குவதே நோக்கமாகும்.

முதற்கண், குறைத்த நிறை ஏன் மீளுகின்றது என்பதைக் காண்போம். உணவு குறைந்து உடல் மெலியும்போது, அதனை உடல் பஞ்சம் வந்ததாகவே கொள்ளுகின்றது. கொண்டு, பசியை மிகுவித்து, சக்தியைச் செலவிடுவதில் சிக்கனம் பிடிக்கின்றது. 1999ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் இரைப்பையிற் சுரக்கும் கிரெலின் என்னும் ஓமோனைக் கண்டறிந்தனர். பசியைத் தூண்டுவது அது. 2011ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வாளர் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், பத்து வாரங்கள் கடும் உணவுக் கட்டுப்பாட்டினால் மெலிந்தவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும், கிரெலின் முதலான பசி ஓமோன்கள் பழைய நிலைக்குத் திரும்பாது, உண்ணத் தூண்டும் பக்கமே சாய்ந்திருந்தன. எனவே மெலிந்தவர் மீளப் பருப்பதை மனவலிமைக் குறைவு என்று மட்டும் இகழ்தல் தகாது. அவர் தம் உடலோடேயே நாள்தோறும் போராடுகின்றார்.

இப்போராட்டத்தில் துணைபுரிவனவே மூவகைச் சிகிச்சைகளும். சத்திரசிகிச்சையின் வரலாறு நீண்டது. 1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வேட் மேசன் என்னும் சத்திரவைத்தியர், இரைப்பையின் பெரும் பகுதியை ஒதுக்கி உணவு செல்லுமாறு மாற்றுவழி அமைக்கும் முறையைத் தொடக்கி வைத்தார். இன்று பெரிதும் வழங்குவது, இரைப்பையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினை வெட்டியகற்றி, எஞ்சியதைக் குழாய் போலாக்கும் முறை. இத்தகைய சிகிச்சைகளால் உடல்நிறையின் கால்பங்கும் அதற்கு மேலும் குறைகின்றது. ஆனால் வெட்டியகற்றியதை மீள வைத்தல் இயலாது. மருந்துகளுள் செமாகுளுடைட் என்னும் ஊசிமருந்து 2021ஆம் ஆண்டில் உடல்நிறை குறைப்பிற்கென அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதனால் சராசரி நூற்றுக்கு 15 பங்கு நிறை குறைந்தது. மருந்தை நிறுத்தியோர்க்கோ, குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுள் மீண்டது. கத்திக்கு அஞ்சுவோரும், காலமெல்லாம் ஊசி ஏற்ற இயலாதோரும் மூன்றாவது வழியை நாடுவது இயல்பே.

இரைப்பையில் ஒரு பொருளை இட்டு நிரப்பும் எண்ணம் எங்ஙனம் தோன்றிற்று? சிலரது இரைப்பையில், விழுங்கிய மயிரும் செரியாத நாரும் திரண்டு உருண்டையாகத் தங்கிவிடுதல் உண்டு. அவர்கள் உணவில் விருப்பற்று மெலிவதை வைத்தியர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். இயற்கையில் நோயாக நேர்வதைச் செயற்கையில் மருந்தாக ஆக்கினால் என்னவென்று, 1982ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு வைத்தியர் இருவர் இரைப்பையினுள் பலூனை இட்ட செய்தியை வெளியிட்டனர்.

மூன்றாண்டுகளுள் அமெரிக்காவில் அவ்வெண்ணம் வாணிகப் பொருளாயிற்று. காரன்–எட்வேட்ஸ் குமிழ் என்னும் பலூனுக்கு 1985ஆம் ஆண்டில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி அளித்தது. அது பொலியூரதேனால் ஆகிய நீளுருண்டை வடிவினது. ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் காற்றடைத்தது. ஆயிரக்கணக்கானோர் அதனை ஏற்றுக்கொண்டனர். பலர் மெலியவும் செய்தனர். ஆயினும் ஒரு வினா எஞ்சி நின்றது: மெலிவித்தது பலூனா, அதனோடு கொடுக்கப்பட்ட உணவு ஒழுங்கா?

இவ்வினாவிற்கு விடைகாண ஆய்வாளர் கைக்கொண்ட முறை எளிது, ஆனால் நுட்பமானது. நோயாளர்களை இரு குழுவினராகப் பிரித்தனர். இரு குழுவினர்க்கும் மயக்கமருந்து கொடுத்துக் குழாயை இரைப்பையுட் செலுத்தினர். ஒரு குழுவினர்க்குப் பலூனை இட்டனர். மற்றக் குழுவினர்க்கு ஒன்றும் இடாமலே குழாயை வெளியே எடுத்தனர். தம்முள் பலூன் உள்ளதா, இல்லையா என்பதை நோயாளர் அறியார். உணவு ஒழுங்கும் அறிவுரையும் இரு சாரார்க்கும் ஒன்றே. 1980களின் பிற்பகுதியில் வெளியான இத்தகைய ஆய்வுகளில், இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவே மெலிந்திருந்தனர்! பலூனின் பங்கென்று தனியே காட்டத்தக்கது ஒன்றுமில்லை. மறுபுறம், பலூனின் விளிம்பு உராய்ந்து இரைப்பையிற் புண் உண்டாதலும், காற்றிறங்கிய பலூன் சிறுகுடலிற் சிக்கி அடைத்துக்கொள்ளுதலும் நேர்ந்தன. 1988ஆம் ஆண்டில் விற்பனை நிறுத்தப்பட்டது. இதில் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. சிகிச்சை பெற்றவர் மெலிந்தார் என்பது மட்டும் அச்சிகிச்சையின் பெருமைக்குச் சான்றாகாது. அது பெறாதவர் எவ்வளவு மெலிந்தார் என்பதையும் உடன் வைத்தே அளத்தல் வேண்டும்.

தோல்வியினின்றும் அறிஞர் கற்றனர். 1987ஆம் ஆண்டில் புளோரிடாவில் ராப்பன் இஸ்பிறிங்ஸ் என்னும் ஊரிற் கூடிய வல்லுநர், நல்ல பலூனின் இலக்கணத்தை வகுத்தனர். அது வழுவழுப்பான உருண்டை வடிவினதாய், நீடித்துழைப்பதாய், காற்றினாலன்றித் திரவத்தால் நிரப்பப்படுவதாய், ஊடுகதிர்ப் படத்தில் தெரிவதாய் இருத்தல் வேண்டும் என்றனர். இவ்விலக்கணத்திற்கு அமைய வந்த சிலிக்கோன் பலூன் 1990களில் ஐரோப்பாவிலும் பிற நாடுகளிலும் பரவிற்று. பிற்காலத்தில் ஓர்பெரா என்னும் பெயர் பெற்ற அதற்கு, 2015ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது.

அதனை இடும் வகை பின்வருமாறு: நோயாளருக்குத் தூக்கமருந்து கொடுத்தபின், நுனியில் விளக்கும் காணுங் கருவியும் பொருந்திய வளையத்தக்க குழாயை வாய்வழியே செலுத்தி இரைப்பையை ஆராய்வர். இக்குழாயை அகநோக்கி என்பர். புண்ணோ வேறு குறையோ இல்லையெனக் கண்டபின், சுருட்டிய பலூனைச் சிறு குழாயொன்றின் மூலம் உள்ளே செலுத்தி, 400 முதல் 700 மில்லிலீற்றர் வரை உப்புநீரால் நிரப்புவர். குழாயை இழுத்தவுடன் பலூனின் வாய் தானே மூடிக்கொள்ளும். அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். உப்புநீருடன் மெதிலீன் நீலம் என்னும் சாயத்தையும் கலப்பதுண்டு. பலூன் கசியுமாயின், சாயம் இரத்தத்திற் கலந்து சிறுநீரை நீலமாகவோ பச்சையாகவோ மாற்றி எச்சரிக்கும். இரைப்பையின் அமிலம் சிலிக்கோனைச் சிறிது சிறிதாக நலிவிப்பதால், ஆறு மாதங்களில் பலூனை வெளியே எடுத்துவிடல் வேண்டும்.

பலூன் இடத்தை அடைத்துக்கொள்வதனால் மட்டும் பசி அடங்குவதில்லை. உண்ட உணவு இரைப்பையை விட்டுக் குடலுக்குச் செல்வதையும் அது தாமதப்படுத்துகின்றது. ஆகவே சிறிதளவு உண்டவர்க்கும் நெடுநேரம் வயிறு நிறைந்த உணர்வு நிலைக்கின்றது.

பயன் எவ்வளவு? அமெரிக்காவில் அனுமதிக்கு ஆதாரமான ஆய்வில், பலூன் இட்டோர் ஆறு மாதங்களில் தம் உடல்நிறையில் சராசரி நூற்றுக்கு 10 பங்கு குறைந்தனர். பலூன் இன்றி, உணவு ஒழுங்கும் உடற்பயிற்சியும் மட்டும் மேற்கொண்டோர் நூற்றுக்கு 3 பங்கிற்குச் சற்று மேலாகக் குறைந்தனர். 100 கிலோகிராம் நிறையுள்ளவர் பலூனோடு 10 கிலோகிராம் குறைவாரெனின், அதில் ஏறத்தாழ 7 கிலோகிராமே பலூனின் பங்கு. இது சிறிதன்று. உடல்நிறையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே இரத்த அழுத்தமும், இரத்தத்திற் சீனியின் அளவும், ஈரலிற் படிந்த கொழுப்பும், முழங்காலின் சுமையும் குறையக் காண்கின்றோம். ஆனால் பலூனை எடுத்தபின் காவல் நீங்கிவிடுகின்றது. முன்னர்க் கூறிய பசி ஓமோன்கள் அங்கேயே காத்திருக்கின்றன. ஆறு மாதங்களில் உணவு வழக்கம் மாறாதவர்க்கு நிறை மீள்வது திண்ணம். பலூன் தருவது நோய் நீக்கமன்று, காலத் தவணையே.

கத்தி இல்லையாதலின் அபாயமும் இல்லை என்று எண்ணுதல் பெரும் பிழை. முதற் சில நாள்களில் குமட்டலும் வாந்தியும் வயிற்று நோவும் பெரும்பாலார்க்கு வருவன. அதனைத் தாங்க மாட்டாது காலத்திற்கு முன்னரே எடுப்பித்துக்கொள்வோரும் உளர். அரிதாக, சதையி அழற்சியும், இரைப்பை துளைபடுதலும், பலூன் தானே மேலும் ஊதிப் பெருத்தலும் நேர்ந்துள்ளன. திரவம் நிரப்பிய பலூன்களை இட்டோருள், 2016ஆம் ஆண்டு முதல் 2018ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை, உலகெங்கும் 12 மரணங்கள் தமக்கு அறிவிக்கப்பட்டன என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வைத்தியர்களுக்குத் தெரிவித்தது. அவை யாவும் பலூனாலேயே நேர்ந்தன என்று நிறுவப்படவில்லை. ஆயினும் நோயாளரை விழிப்போடு கண்காணிக்குமாறு அது வற்புறுத்தியது. முன்னர் இரைப்பையிற் சத்திரசிகிச்சை பெற்றோர்க்கும், இரைப்பைப் புண் உடையோர்க்கும், கருவுற்ற தாய்மார்க்கும் பலூன் ஆகாது.

பலூனின் உறவினரைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். உறை மருந்து போல விழுங்கி, வெளியிலிருந்து நீர் நிரப்பி, ஏறத்தாழ நான்கு மாதங்களில் தானே வெறுமையாகி மலத்தோடு கழியும் பலூன் ஒன்றும் சில நாடுகளில் வழங்குகின்றது. மற்றொரு முறை, அகநோக்கியின் நுனியில் ஊசியைப் பொருத்தி, இரைப்பையின் சுவரை உள்ளிருந்தே தைத்து ஒடுக்குவது. சட்டையை உட்புறமாக மடித்துத் தைத்துச் சிறிதாக்குவது போன்றதே இது, எதையும் வெட்டியகற்றுவதில்லை. அமெரிக்காவில் ஒன்பது நிலையங்களில் நடந்து 2022ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், இதனைப் பெற்றோர் ஓராண்டில் உடல்நிறையில் நூற்றுக்கு 13.6 பங்கும், பெறாதோர் 0.8 பங்கும் குறைந்தனர். கடும் உபாதை நூற்றுக்கு இருவர்க்கு நேர்ந்தது, எவரும் இறக்கவில்லை. பலூனினும் இதன் பயன் நீடிப்பது. எனினும் முழு மயக்கம் கொடுத்தே இதனைச் செய்தல் வேண்டும். தையல் நாளடைவில் தளர்தலும் கூடும்.

எல்லாப் புதுமையும் நிலைத்ததில்லை. சிறுகுடலின் முற்பகுதியில் 60 சென்ரிமீற்றர் நீளமான உறையொன்றை இட்டு, உணவு குடற்சுவரிற் படாது செல்லச் செய்யும் முறை பெரிதும் பேசப்பட்டது; ஈரலிற் சீழ்க்கட்டி தோன்றியதால், அதன் அமெரிக்க ஆய்வு 2015ஆம் ஆண்டில் இடையிலேயே நின்றது. 2015ஆம், 2016ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அனுமதி பெற்ற வேறு இரு பலூன்களும் சில ஆண்டுகளுள் விற்பனையினின்று நீங்கின.

இனி, யாருக்கு எது பொருந்தும்? இதனை அளக்க உடற்திணிவுச் சுட்டி என்னும் கணக்கு உண்டு. கிலோகிராமில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருவது அது. 1.60 மீற்றர் உயரமும் 77 கிலோகிராம் நிறையும் உடையவரது சுட்டி ஏறத்தாழ 30. மேற்சொன்ன இரு அமெரிக்க ஆய்வுகளும் சுட்டி 30 முதல் 40 வரை உள்ளோரிடத்தே நடந்தன. அதற்கு மேற்பட்டோர்க்கும், கடுமையான நீரிழிவு உடையோர்க்கும் சத்திரசிகிச்சையின் பயனே பெரிது. அவர்கள் கத்திக்கு அஞ்சிப் பலூனை நாடினால், பொருளும் காலமும் வீணாதல் கூடும். நம் போன்ற ஆசிய மக்களுக்கு நீரிழிவும் இருதய நோயும் குறைந்த சுட்டியிலேயே வருவதால், 23, 27.5 என்னும் எண்களிலேயே எச்சரிக்கை கொள்ளுமாறு உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவின் கருத்து 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அது விழிப்பிற்குரிய எல்லையே. அந்நிலையில் உள்ளோர் அனைவரும் பலூனைத் தேடி ஓடுதல் வேண்டும் என்பது பொருளன்று.

இச்சிகிச்சையை நாடுவோர் வைத்தியரிடம் சில வினாக்களைத் தயங்காது கேட்டல் வேண்டும். என் நிறைக்கும் நோய்க்கும் மருந்தும் சத்திரசிகிச்சையும் இதனினும் நன்மை தருமா? பலூனின்றி உணவு ஒழுங்கினால் மட்டும் நான் எவ்வளவு குறைவேன்? நள்ளிரவில் நோவு வந்தால் யாரிடம் செல்வது? பலூனை எடுக்கும் நாள் எது, எடுப்பவர் யார்? எடுத்தபின் ஓராண்டேனும் என் உணவையும் நிறையையும் கவனித்து வழிகாட்டுவோர் உளரா? இறுதி வினாவிற்குத் தெளிவான விடை இல்லாதவிடத்துச் சிகிச்சையைத் தொடங்காமையே நன்று. பலூன் உள்ள காலத்தில் ஓயாத வாந்தியோ, பொறுக்கவொண்ணா வயிற்று நோவோ, சிறுநீரின் நிறமாற்றமோ காணின், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

வீட்டில் உள்ளோர்க்கும் ஒரு சொல். ஆறு மாதங்களில் ஒருவர் புதிய உணவு வழக்கத்தைப் பழகுவது, அவ்வீட்டின் அடுப்பும் அவருடன் சேர்ந்து மாறினாலன்றி எளிதன்று. அவரை ஏளனஞ் செய்யாது, அவர் உண்பதையே தாமும் உண்டு, மாலையில் அவருடன் சிறிது தூரம் நடக்கும் சுற்றத்தார், பலூனை எடுத்தபின்னும் நீங்காத துணையாவர்.