பழைய காரின் தளமும் துருத் தடுப்பும்

பூட்டுக்கும் இரும்புப் பெட்டகத்துக்கும் பேர்போனது திண்டுக்கல். 2019-ஆம் ஆண்டில் இவ்வூர்ப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எனினும் இரும்பு எவ்வூரிலும் இரும்பே. இங்குள்ள பழைய அம்பாஸடர்க் கார்கள் பலவற்றின் மிதியடியைத் தூக்கிப் பார்த்தால் கீழே சாலை தெரியும். வங்காளத்து உத்தர்பாராவில் 2014 மே மாதத்தோடு அவ்வண்டியின் உற்பத்தி நின்றுவிட்டது. ஆகையால் இருப்பனவற்றைப் பேணுவதன்றி வேறு வழியில்லை. மேலும், அவ்வண்டிக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடலும் தளமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பெற்று, அவையே பாரத்தைத் தாங்குகின்றன. ஆதலின் தளம் அழிந்தால் வண்டியின் முதுகெலும்பே அழிந்ததாகக் கொள்ளல் வேண்டும். 15 ஆண்டு கடந்த சொந்தக் காருக்கு 5 ஆண்டுக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்கும்பொழுது இக்குறை வெளிப்பட்டுவிடும்.

இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடினால் துரு பிறக்கும். உப்பு சேர்ந்தால் அது விரையும். காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் நாட்டின் பல இடங்களில் உலோகத் துண்டுகளை வெயிலிலும் மழையிலும் வைத்துச் சோதித்து, உலோக அரிப்பு வரைபடம் ஒன்றை வெளியிட்டனர். கடற்கரையில் அரிப்பு மிகுதி. நம் போன்ற உள்நாட்டுச் சமவெளியில் குறைவு. பின்னர் இங்கு ஏன் தளம் ஓட்டையாகிறது? ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடி ரப்பர் வழியாகக் கசிந்த நீர், மிதியடிக்கும் சணல் விரிப்புக்கும் அடியில் தங்கிவிடுகிறது. மேலே வெயில் கொளுத்தினும், அடியில் ஈரம் மாதக்கணக்கில் இருக்கும். தோல் பதனிடும் தொழிலுக்காக உப்பிட்ட தோல்களை ஏற்றிய வண்டியானால் கேட்கவே வேண்டா.

நிற்க. அழுகிய பகுதியை வெட்டியெறிந்து புதுத் தகடு பற்றவைத்தபின் செய்யவேண்டியதே நம் பொருள். பலர் அந்நிலையில் தார் பூசி வேலையை முடித்துவிடுகின்றனர். மலிவுதான், ஆனால் துருவின்மேல் பூசிய தார், காயத்தைக் கழுவாமல் கட்டுப் போட்டதை ஒக்கும். நாளடைவில் தார் வெடித்து, வெடிப்பின் வழியே புகுந்த நீர் வெளியேற இயலாமல் உள்ளேயே நின்று தின்னும்.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னர் தோய்த்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். அருகில் நெருப்பு ஆகாது. பின்பு கம்பிப் பிரஷாலும் உப்புத்தாளாலும் உதிரும் துருவை நீக்குக. (உப்புத்தாளில் உப்பில்லை, அஞ்ச வேண்டா.) குழிகளில் எஞ்சிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவினால், துரு கரைந்து, இரும்பின் மேல் மெல்லிய பாஸ்பேட் படலம் உண்டாகும். சுமார் 1,600 ஆண்டுகளாக நிற்கும் தில்லி இரும்புத் தூணைக் காப்பதும், அதன் இரும்பிலுள்ள பாஸ்பரசினால் உண்டான இத்தகைய படலமே என்று ஆராய்ந்தோர் கூறுவர். கையுறை அணிவது அவசியம். டப்பாவில் கூறியபடி கழுவித் துடைத்து, முற்றிலும் உலர்த்துக.

அடுத்தது ரெட் ஆக்சைடு பிரைமர். இதன் செந்நிறம் இரும்பு ஆக்சைடால் ஆனது. துருவின் நெருங்கிய உறவே துருவுக்குக் காவலாக நிற்பது வேடிக்கை! கனமாக ஒருமுறை பூசுவதினும், மெல்லியதாக இருமுறை பூசுதல் நன்று. பற்றவைத்த சூட்டில் தகட்டின் அடிப்பக்கத்துப் பெயிண்டும் கருகியிருக்கும். ஆதலின் வண்டியின் அடியிலும் இவ்வாறே செய்தல் இன்றியமையாதது. இதை மறந்தவர்க்கே இரண்டாம் ஆண்டில் மீண்டும் டிங்கர் கூலி.

பிரைமர் காய்ந்தபின் இணைப்புகளில் சீலர் இடுக. இங்கே சிக்கனம் கூடாது. செலவில் சிறியதும் பயனில் பெரியதும் இதுவே. தளம் ஓட்டத்தில் சிறிது வளைந்து கொடுப்பதால், நெகிழும் பாலியூரித்தேன் சீலரே தக்கது. இறுகிக் கல்லாகும் எம்-சீல் சிறு துளைகளுக்கு உதவும். நீண்ட இணைப்பில் விரிசல் விடும். புளிக்காடி நெடியுள்ள சிலிக்கோன் வேண்டவே வேண்டா. அதிலிருந்து வெளிவரும் அசிட்டிக் அமிலம் இரும்பையே அரிக்கும்.

உள்ளே எனாமல் பெயிண்ட் பூசினால் போதும். அடியில், எல்லாம் காய்ந்தபின், ரப்பர் கலந்த தார்ப் பூச்சு இடலாம்; அப்பொழுது அது தவறன்று. சைலன்ஸர்க் குழாயிலும் பிரேக் உறுப்புகளிலும் படாமல் மூடிக்கொள்க. நீர் வடியும் துளைகளை அடைத்துவிடலாகாது. கழித்த இஞ்சின் ஆயிலைத் தெளிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதில் அமிலக் கழிவும் உண்டு. ரப்பரைக் கெடுத்து, மண்ணிலும் சொட்டும். பக்கவாட்டுப் பெட்டிச் சட்டங்களின் உள்ளே செலுத்த மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயே ஏற்றது.

கண்ணாடி, கதவு ரப்பர்களை மாற்றி, ஒருவர் உள்ளே அமர, மற்றொருவர் வெளியே குழாய் நீரைப் பாய்ச்சிக் கசிவு பார்க்க வேண்டும். கசிவில்லையெனக் கண்ட பின்னரே மிதியடியை விரிக்கலாம். சணல் விரிப்பைப் பழையபடி அடியில் இடாதிருத்தல் நலம்.