டிரையர் சுற்றவில்லையா? போர்டு மாற்றும் முன் இதைப் படியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர், வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான் என்று நினைக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஏற்கனவே புல்லி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் இருந்தால் அதுதான் மூத்தது! அதன் பட்டன்களுக்குப் பின்னால் இருக்கும் போர்டில் மைக்ரோ கண்ட்ரோலர் என்ற சிறிய சிப் இருக்கிறது. அதற்குள் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்கிறார்கள். அதாவது, துணி துவைப்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாத கம்ப்யூட்டர் அது.

எங்கள் கரையாம்புத்தூரில் கம்ப்யூட்டர் பார்க்கப் போகும் வீடுகளில், "அண்ணே, அப்படியே இந்த மெஷினையும் கொஞ்சம் பாருங்களேன், டிரையர் ஓடலை" என்பார்கள். நம் ஊரில் டிரையர் என்றால் செமி ஆட்டோமேட்டிக்கில் இரண்டாவது தொட்டி. புல்லி ஆட்டோமேட்டிக்கில் கடைசியாக வரும் ஸ்பின். செமி ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலும் திருகும் டைமர்தான், போர்டு கிடையாது. புல்லி ஆட்டோமேட்டிக்கில் எல்லாமே போர்டின் கையில். எனவே ஸ்பின் நின்றதும் "போர்டு போயிடுச்சு" என்று சொல்லிவிடுகிறார்கள். புது போர்டு என்றால் சில ஆயிரம் ரூபாய் செலவு. ஆனால் நான் பார்த்தவற்றில் பல மெஷின்களில் போர்டு நன்றாகவே இருந்தது.

போர்டு எப்படி முடிவு எடுக்கிறது?

கம்ப்யூட்டரில் இன்புட், பிராசசர், அவுட்புட் என்று படித்திருப்பீர்கள். இங்கேயும் அதேதான். மூடி திறந்திருக்கிறதா என்று பார்க்கும் டோர் ஸ்விட்ச், தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் பிரஷர் சென்சார் ஆகியவை இன்புட். தண்ணீர் விடும் இன்லெட் வால்வு, தண்ணீரை வெளியேற்றும் டிரெயின் மோட்டார், டிரம்மைச் சுற்றும் மோட்டார் ஆகியவை அவுட்புட்.

பிரஷர் சென்சார் தண்ணீரைத் தொடுவதே இல்லை. டிரம்மின் அடியிலிருந்து ஒரு மெல்லிய டியூப் மேலே வருகிறது. தண்ணீர் ஏற ஏற டியூபுக்குள் இருக்கும் காற்று அழுத்தப்படுகிறது. அந்த அழுத்தத்தை சென்சார் மின் சிக்னலாக மாற்றி போர்டுக்கு அனுப்புகிறது. டியூபில் ஓட்டை விழுந்தாலும் அழுக்கு அடைத்தாலும் போர்டுக்குத் தப்பான தகவல் போகும்.

ஸ்பின் தொடங்கும் முன் போர்டு பார்ப்பது மூன்று விஷயங்கள். மூடி மூடியிருக்க வேண்டும். தண்ணீர் முழுவதும் வெளியேறியிருக்க வேண்டும். துணி ஒரு பக்கமாகக் குவியாமல் இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் டிரம் வேகம் எடுக்காது. இது பழுது அல்ல, பாதுகாப்பு.

ஒரு வீட்டில் துவைத்து முடித்தவுடன் மெஷின் பீப் அடித்து நின்றுவிடும். போர்டு மாற்ற வேண்டும் என்று ஏற்கனவே ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கொல்லையில் புதிதாக சிமெண்ட் மேடை கட்டியிருந்தார்கள். டிரெயின் ஹோஸ் அந்த மேடை மேல் ஏறி இறங்கியது. அந்த மாடலில் பம்ப் கிடையாது, தண்ணீர் தானாகவே வழிந்து போக வேண்டும். மேட்டில் எப்படி ஏறும்? உள்ளே தண்ணீர் நிற்பதை சென்சார் சரியாகச் சொன்னது, போர்டும் சரியாகவே நிறுத்தியது. ஹோஸைத் தரையோடு திருப்பி விட்டதும் ஸ்பின் ஓடியது. போர்டு மாற்றியிருந்தாலும் மெஷின் அதே இடத்தில்தான் நின்றிருக்கும்.

திரையில் வரும் எழுத்துகள்

ராம் சரியாகப் பொருந்தாவிட்டால் கம்ப்யூட்டர் பீப் ஒலி எழுப்புவது போல வாஷிங் மெஷினும் எர்ரர் கோடு காட்டும். எல்ஜி டாப் லோடு மெஷின்களில் 'ஐஇ' என்றால் தண்ணீர் வரவில்லை, 'ஓஇ' என்றால் தண்ணீர் வெளியேறவில்லை, 'யுஇ' என்றால் துணி ஒரு பக்கம் குவிந்திருக்கிறது, 'டிஇ' என்றால் மூடி சரியாக மூடவில்லை. சாம்சங் மெஷின்களில் '4இ' அல்லது '4சி' தண்ணீர் வரவில்லை என்பதையும், '5இ' அல்லது '5சி' தண்ணீர் வெளியேறவில்லை என்பதையும் குறிக்கும். மற்ற கம்பெனிகளுக்கு மேனுவலின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். மெக்கானிக்கை அழைக்கும் முன் கோடை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

நீங்களே செய்யக்கூடிய சோதனைகள்

1. ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு 10 நிமிடம் கழித்துப் போடுங்கள். இது கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்வது போலத்தான். அதே கோடு மறுபடி வந்தால் பழுது வேறு இடத்தில் இருக்கிறது.

2. அதே பிளக் பாயிண்டில் அயர்ன் பாக்ஸ் போன்ற வேறொரு பொருளைப் போட்டுப் பாருங்கள். பாயிண்ட் லூசாக இருப்பதும் உண்டு.

3. குழாயை மூடிவிட்டு இன்லெட் ஹோஸைக் கழற்றுங்கள். மெஷின் பக்கம் ஒரு சிறிய சல்லடை இருக்கும். போர் தண்ணீர் வரும் வீடுகளில் மணலும் உப்பும் அதை அடைத்துவிடும். பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள்.

4. தண்ணீர் டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 10 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 பார் அழுத்தம் கிடைக்கும். 3 மீட்டர் என்றால் 0.3 பார்தான். உங்கள் மெஷினுக்கு எவ்வளவு வேண்டும் என்று மேனுவலில் இருக்கும்.

5. ஸ்பின் நேரத்தில் மூடியை லேசாக அழுத்திப் பிடியுங்கள். அப்போது மட்டும் ஓடினால் டோர் ஸ்விட்ச் அல்லது மூடியின் கீல்தான் காரணம். அந்த ஸ்விட்சை இணைத்துவிட்டு ஓட்டும் வேலை மட்டும் வேண்டாம். சுற்றும் டிரம்மில் குழந்தைகள் கையை விட்டால் ஆபத்து.

6. ஜீன்ஸ், போர்வை போன்ற கனமான துணிகளைப் பிரித்துப் பரப்பிப் போடுங்கள். மெஷினின் நான்கு கால்களும் தரையில் சமமாகப் பதிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

இதற்கு மேல் மூடியைத் திறந்து போர்டில் கை வைக்காதீர்கள். கம்ப்யூட்டர் மதர்போர்டில் ஓடுவது அதிகபட்சம் 12 வோல்ட். இந்த போர்டில் 230 வோல்ட் நேரடியாக வருகிறது.

உண்மையில் போர்டு போயிருந்தால்?

மெஷினை ஸ்டார்ட் செய்யாமலேயே தண்ணீர் உள்ளே வருகிறதா? பிளக்கைப் பிடுங்குங்கள். அப்போதும் தண்ணீர் வந்தால் இன்லெட் வால்வில் ஏதோ சிக்கியிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கியதும் நின்றால், வால்வை இயக்கும் டிரையாக் என்ற பாகம் போர்டில் ஷார்ட் ஆகியிருக்கலாம். பிளக் பாயிண்ட்டும் வயரும் சரியாக இருந்தும் ஒரு விளக்கும் எரியவில்லை என்றால், போர்டின் பவர் சப்ளையைச் சந்தேகிக்கலாம். உள்ளே பல்லி, எறும்பு புகுந்து போர்டு ஷார்ட் ஆவதும் நம் ஊரில் சகஜம்.

பல கம்பெனிகள் ஈரம் புகாமல் இருக்க போர்டின் மேல் பசை ஊற்றி மூடிவிடுகின்றன. அதனால் ஒரு சிறிய பாகம் போனாலும் முழு போர்டையும் மாற்றச் சொல்கிறார்கள். பசையைச் சுரண்டி அந்த பாகத்தை மட்டும் மாற்றித் தருபவர்களும் இருக்கிறார்கள். வாரண்டி முடிந்திருந்தால் அவர்களிடம் ஒருமுறை காட்டிப் பார்க்கலாம்.

புயலும் வெள்ளமும்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் எங்கள் பகுதியைத் தாக்கின. புயலில் கம்பத்தில் நியூட்ரல் வயர் அறுந்தால் வீட்டுக்கு 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வோல்ட் வரை வரக்கூடும். பல போர்டுகளில் வேரிஸ்டர் என்ற பாகம் இருக்கிறது. அதிக வோல்ட்டேஜ் வந்தால் அது ஷார்ட் ஆகி பியூஸை எரித்து மற்ற பாகங்களைக் காப்பாற்ற முயலும். எனவே புயல் எச்சரிக்கை வந்தவுடன் கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின் இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்சை மட்டும் அணைப்பது போதாது.

ஃபெஞ்சலைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் பாகூர் பகுதிக் கிராமங்களில் புகுந்தது நினைவிருக்கும். வெள்ளத்தில் நின்ற மெஷினை வெயிலில் வைத்துவிட்டு "ஓடுதா பார்க்கலாம்" என்று பிளக் போடாதீர்கள். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் மோட்டார் சுருளிலும் கனெக்டர்களிலும் ஈரமும் சேறும் இருக்கும். பாடியில் கரண்ட் வந்தால் உயிருக்கே ஆபத்து. மெக்கானிக் சோதித்த பிறகுதான் மின் இணைப்பு கொடுக்க வேண்டும். எர்த் இல்லாத பிளக் பாயிண்டில் வாஷிங் மெஷினை எப்போதும் போடாதீர்கள்.

வெளிநாட்டு டிரையர்

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் சொல்லும் டிரையர் வேறு. அது சூடான காற்றில் துணியை உலர்த்தும் தனி மெஷின். துணி காயும் முன்பே நின்றுவிடுகிறது என்று அவர்கள் சொன்னால் அங்கேயும் போர்டைக் கடைசியில் பாருங்கள். பல மாடல்களில் டிரம்முக்குள் இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரத் துணி பட்டால் அவற்றுக்கு இடையே சிறிது மின்சாரம் பாயும். அதை வைத்துத்தான் போர்டு ஈரத்தை அறிகிறது. துணி மென்மையாக்கி படிந்து பட்டைகள் மூடிவிட்டால், துணி காய்ந்துவிட்டது என்று போர்டு நினைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பட்டைகளைத் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

பணம் கொடுக்கும் முன்

போர்டு மாற்றத்தான் வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால், எந்த கோடு வந்தது, எந்த சென்சாரைச் சோதித்தீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால் இன்னொருவரை அழையுங்கள். பழைய போர்டையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். மாற்றிய போர்டுக்கு எத்தனை மாத வாரண்டி என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். பிரச்சினை வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

நாளை உங்கள் கம்ப்யூட்டரில் படம் வரவில்லை என்றாலும் இதே வழிதான். முதலில் பவர், பிறகு கேபிள், பிறகு ராம். மதர்போர்டு எப்போதும் கடைசி.