பெண்களுக்கான பளுக் கருவிகள்: எதைப் பார்த்து வாங்குவது?

மட்டாஞ்சேரியிலுள்ள நமது கிளைக்குத் தவணைத் திட்டங்களைப் பற்றி விசாரிக்க வரும் பெண்கள், அண்மைக் காலமாகக் குளிர்பதனப் பெட்டி, துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றோடு உடற்பயிற்சிக் கருவிகளையும் குறிப்பிடுகின்றனர். பெரும்பாலோர் நாற்பதைக் கடந்தவர்கள். மருத்துவர் சொல்லி வந்தவர்கள். மாதவிடாய் நின்ற பின் எலும்பின் அடர்த்தி விரைந்து குறைகிறது. தசையும் உடன் தேய்கிறது. இதற்கு நடைப்பயிற்சி மட்டும் போதுவதில்லை. வாரத்தில் 2 நாட்களேனும் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

கடைக்குச் சென்றால், பெண்களுக்கென்று முதலில் எடுத்து வைக்கப்படுவது இளஞ்சிவப்பு வண்ணத்தில் அரைக் கிலோ, ஒரு கிலோ டம்பெல். இது நமக்குச் சற்று வேடிக்கையாகவே தோன்றுகிறது. வீட்டில் நிரம்பிய எரிவாயு உருளையின் எடை ஏறத்தாழ 30 கிலோ. அதைச் சாய்த்து உருட்டி அடுப்படிக்குக் கொண்டு சேர்ப்பவர் இல்லத்தரசியே. 15 லிட்டர் குடம் இடுப்பில் ஏறினால் 15 கிலோ. நெல்லைச் சீமையின் வடலிவிளையில் பொங்கலையொட்டி நடைபெறும் இளவட்டக்கல் போட்டியில் இப்போது பெண்களும் கல் தூக்குகின்றனர். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் பெண்கள் பளுதூக்குதல் முதன்முறையாக இடம்பெற்றது. அந்த முதல் வாய்ப்பிலேயே கர்ணம் மல்லேஸ்வரி 69 கிலோ பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார்.

பெண்களுக்கான கருவி என்றால் வேறுபாடு எங்கே இருக்க வேண்டும்? போட்டி விதிகளே விடை தருகின்றன. ஆண்கள் தூக்கும் தண்டு 20 கிலோ எடையும் 28 மில்லிமீட்டர் தடிமனும் கொண்டது. பெண்களுடையது 15 கிலோ, 25 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் சிறிய உள்ளங்கைக்கு அதுதான் பிடி நழுவுவதற்கும் நிற்பதற்கும் இடையிலுள்ள தூரம். ஆகவே கடையில் கருவியைக் கையில் பிடித்துப் பாருங்கள். பெருவிரல் சுற்றி வந்து சுட்டுவிரலின் மேல் படிய வேண்டும். சிமெண்ட் நிரப்பிய மலிவுவிலை பிளாஸ்டிக் கருவிகளில் பிடி பெரும்பாலும் தடித்திருக்கும். கீழே விழுந்தால் விரிசலும் விடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது எடையின் படிகள். 2 கிலோவிலிருந்து 4 கிலோவுக்குத் தாவுவது சுமையை இருமடங்காக்குவது. தோள் அதை ஏற்காது. தொடையோ நான்கு கிலோவை ஒரு பொருட்டாகவே கருதாது. ஒரே இணை டம்பெல் வாங்கியவர்கள் இரண்டு மாதத்தில் சலிப்படைவது இதனால்தான். தண்டும், கழற்றி மாட்டும் தட்டுகளும் கொண்ட தொகுப்பு இக்குறையைத் தீர்க்கும். ஒரு கிலோ, 1.25 கிலோ போன்ற சிறு தட்டுகள் அதில் உண்டா என்று கேளுங்கள். முனையில் திருகிப் பூட்டும் வளையம் இறுகி நிற்கிறதா என்றும் சோதியுங்கள். 10 அல்லது 12 முறை தூக்க முடிந்து, கடைசி இரண்டு முறை மட்டும் கடினமாக உள்ள எடையே தொடங்குவதற்கு ஏற்றது. இரத்த அழுத்தம், எலும்புத் தேய்வு, கருப்பை இறக்கம் உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் மருத்துவரிடம் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். தூக்கும்போது மூச்சை அடக்கலாகாது.

மட்டாஞ்சேரிக்கென்று தனிக் கணக்கொன்று உண்டு. காயலும் கடலும் சூழ்ந்த இவ்வூரின் உப்புக்காற்று வெற்று இரும்பை ஒரு மழைக்காலத்திலேயே துருவேற்றிவிடும். ரப்பர் உறையிட்ட தட்டுகள் சற்று விலை கூடினாலும் இங்கே அவையே சிக்கனம். தையல் இயந்திர எண்ணெயை மெல்லிய துணியில் தொட்டு, தண்டை அவ்வப்போது துடைத்து வைக்கலாம். பழைய வீடுகளின் மாடித்தளம் மரப்பலகை. அதன்மேல் எடையைப் போட்டால் கீழே இருப்பவர் பொறுத்துக்கொள்ள மாட்டார். தடித்த ரப்பர் விரிப்பும் செலவுக் கணக்கில் சேரட்டும். தாழ்ந்த உத்தரமுள்ள அறையில் கர்லாக்கட்டை சுழற்றும் ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

மல்டிஜிம் எனப்படும் பெரிய இயந்திரத்தைப் பற்றி நம் கருத்து இதுதான்: ஐந்தடி உயரமுள்ள பெண் அமர்ந்து பார்க்காமல் அதற்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். இருக்கையும் நெம்புகோலும் அவருடைய முழங்காலுக்கும் தோளுக்கும் நேராக அமையாவிட்டால் மூட்டுகளுக்குத்தான் கேடு. அறைக்குள் பூட்டிய பின் அது குறுகிய படிக்கட்டு வழியே எளிதில் இறங்காது. ஈரத்துணி உலர்த்தவே பயன்படும். ‘வட்டியில்லாத் தவணை’ என்றாலும் கவனம் தேவை. கடன் அட்டையில் அத்தகைய தவணைகளில் வட்டி பொதுவாக விலைத் தள்ளுபடியாக ஈடுசெய்யப்படுகிறது. எனினும் வட்டிக்குரிய ஜிஎஸ்டியும் செயலாக்கக் கட்டணமும் நம் கணக்கில் ஏறக்கூடும். வங்கியாளர்களாகிய நாமே இதைச் சொல்வது சிலருக்கு வியப்பளிக்கலாம்.

டம்பெல்களையும் தட்டுகளையும் பல கடைகளில் கிலோக் கணக்கில் விற்கின்றனர். எனவே அனுப்பும் செலவையும் சேர்த்து ஒரு கிலோவுக்கு என்ன விலை விழுகிறது என்று ஒப்பிடுங்கள். கனமான பொருளுக்குப் பக்கத்துக் கடையே பல நேரங்களில் இலாபம். முதியவர்களுக்கும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் ரப்பர் பட்டைகள் போதும்; வெயில் படாத இழுப்பறையில் வைத்து, ஒவ்வொரு முறையும் இழுப்பதற்கு முன் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தட்டுகள் வாங்கும் நாளில் கடைக்காரரிடம் ஒன்று கேட்டு வையுங்கள்: எடை கூட்ட வேண்டி வரும்போது சிறு தட்டுகளை மாற்றித் தருவாரா என்று. ஒப்புக்கொண்டால் அதை இரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.