தோல் ஆறிய பின்னும் ஆறாத வலி

ஈராண்டுகளுக்கு முன்பு எனக்கு மார்பின் ஒரு பக்கத்தில் அக்கி வந்தது. மூன்று வாரங்களில் கொப்புளங்கள் ஆறிவிட்டன, வலி ஆறவில்லை. சட்டை உரசினாலே நெருப்புப் பட்டதுபோல் இருந்தது. "தோலில் ஒன்றுமே இல்லையே, ஐயா" என்றார் ஒரு மருத்துவர். வேறொருவர் எழுதித் தந்த மாத்திரையைப் பற்றி இணையத்தில் தேடினேன். மனச்சோர்வுக்கான மருந்து என்றிருந்தது. என் வலியை மனப்பிரமை என்று கருதிவிட்டாரோ என வருந்தி, பத்து நாள்கள் அதைத் தொடவே இல்லை. அவை உறக்கமற்ற நாள்கள்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்கிறேன்.

அக்கி நரம்பையே சிதைத்துவிட்டால், தோல் ஆறிய பின்னும் அந்நரம்பு ஓயாமல் வலிச்செய்தியை அனுப்பும். செய்தி தண்டுவடம் வழியாக மூளைக்கு ஏறுகிறது. அதேவேளையில் மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு ஆணையும் இறங்குகிறது. வலியைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல அந்த ஆணை, மூளைத்தண்டின் வழியாகவே வருகிறது.

1969-இல் டேவிட் ரெனால்ட்ஸ் என்ற ஆய்வாளர், எலிகளின் மூளைத்தண்டின் மேற்பகுதியை மின்னாற்றலால் தூண்டி, மயக்க மருந்தின்றியே அறுவை செய்ய முடிவதைக் காட்டினார். 1973-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் ஆகியோர், அபின் வகைப் பொருள்கள் பொருந்தும் ஏற்பிகளை மூளைத் திசுவில் இனங்கண்டனர். கசகசாச் செடியின் பாலுக்கு நம் மூளையில் இடம் எதற்கு? 1975-இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ் இருவரும் விடை கண்டனர். அத்தகைய பொருளை மூளையே சுரக்கிறது. அதற்கு என்கெஃபலின் என்று பெயர்.

மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியில் வலியைக் கூட்டும் நரம்பணுக்களும் உண்டு, தணிக்கும் நரம்பணுக்களும் உண்டு. கூட்டும் அணுக்களின் ஏற்பிகளில் மார்ஃபின் பொருந்தினால் அவை அடங்கிவிடுகின்றன. தணிக்கும் அணுக்களை அது நேரடியாகத் தூண்டுவதில்லை. அவற்றை அடக்கி வைத்திருக்கும் தடையை விலக்குகிறது. உரிமக் கட்டுப்பாடு தளர்ந்தால் உற்பத்தி பெருகும் என்று வகுப்பில் விளக்கிவந்த எனக்கு இது எளிதில் புரிந்தது.

மூளைத்தண்டிலிருந்து இறங்கும் நரம்பிழைகள் தண்டுவடத்தில் நார்அட்ரினலினையும் செரட்டோனினையும் வெளியிடுகின்றன. நார்அட்ரினலின் பெரும்பாலும் வலிச்செய்தியைத் தடுக்கிறது. செரட்டோனினோ, பொருந்தும் ஏற்பிக்கேற்ப வலியைத் தணிக்கவும் செய்யும், கூட்டவும் செய்யும். எனக்குத் தரப்பட்ட அமிட்ரிப்டிலின், இவ்விரண்டையும் நரம்பணு உடனே திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் தடுக்கும் மருந்து. மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் குறைந்த அளவிலேயே அது வலிக்குப் பயன்படுகிறது. மருத்துவர் என்னை ஐயுறவில்லை. நான்தான் அவரை ஐயுற்றேன்.

நம்பிக்கைக்கும் இதில் பங்குண்டு. 1978-இல் வெளியான ஓர் ஆய்வில், கடைவாய்ப்பல் பிடுங்கப்பட்டவர்களுக்கு மருந்தற்ற ஊசி போடப்பட்டது. சிலருக்கு வலி குறைந்தது. அபின் ஏற்பிகளை அடைக்கும் நாலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்ததும் அவர்களுக்கு வலி மீண்டும் கூடியது. நலம்பெறுவோம் என்ற எதிர்பார்ப்பே உடலின் சொந்த வலிநிவாரணியைச் சுரக்கச் செய்திருக்க வேண்டும் என ஆய்வாளர்கள் கருதினர். அப்படியானால், நோயாளியின் சொல்லை நம்பிக் கேட்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

மாத்திரையைத் தொடங்கிய மூன்றாவது வாரத்தில் எனக்கு வலி பாதியாகக் குறைந்தது. முற்றிலும் போய்விடவில்லை, ஆனால், உறங்க முடிந்தது. இம்மருந்து முதியவர்களுக்குத் தலைச்சுற்றல், வாய் உலர்தல் போன்றவற்றைத் தரக்கூடும் என்பதால், மருத்துவரின் கண்காணிப்பில்தான் உட்கொள்ள வேண்டும்.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இத்தகைய மருந்தை எழுதும்போது, அது ஏன் என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். நோயாளிகளுக்கும் ஒன்று: மருந்தின் பெயரை இணையத்தில் பார்த்துவிட்டு நீங்களாகவே நிறுத்தாதீர்கள். எழுதித் தந்தவரிடமே கேளுங்கள். நான் அன்றே கேட்டிருந்தால், பத்து இரவுகள் உறக்கம் கெட்டிருக்காது.